சலசலப்பு அடங்கினால் எடு

எங்கம்மா வெளியில் பொரித்த எதையும் வாங்கித் தின்ன மாட்டாள். உடம்புக்கு ஆகாது என்ற பயமெல்லாம் கிடையாது. விருதுநகரில் பிறந்து எண்ணெய்ப் பரோட்டா மணத்திலேயே வளர்ந்தவளிடம் யார் போய் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசுவது? அவளுக்குச் சந்தேகம் எண்ணெய் மேல்தான். "எத்தன தடவ காஞ்ச எண்ணெயோ" என்பாள், அவ்வளவுதான், தட்டை நகர்த்திவிடுவாள். முப்பது வருஷம், தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்புக் கூட்டி, தெருவுக்கே முறுக்கும் சீடையும் அதிரசமும் ஆர்டர் எடுத்துச் சுட்டுக் கொடுத்தவள். எந்தக் கடை வாசலில் நின்றாலும் அவள் கண் முதலில் எண்ணெயைத்தான் பார்க்கும். பலகாரமெல்லாம் அப்புறம்.

அப்படிப்பட்டவளை, நான் இருக்கும் அமெரிக்காவில், மினசோட்டா ஸ்டேட் ஃபேர் என்கிற மாநிலப் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனமா என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். பேத்தியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது என்று ஜூன் வரை ஓட்டினாள். கோடை விடுமுறை வந்ததும் அம்மாச்சியும் பேத்தியும் சேர்ந்து என் உயிரை எடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில், "எல்லாரும் போறாகளே, அது என்னத்தான்னு பாத்துட்டு வந்துருவோம்" என்று அம்மாவே சொன்னாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி அவளிடம் சைகையிலேயே ஃபேரைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறார். குச்சியைப் பிடித்துக் கடிப்பது மாதிரி நடித்தும் காட்டியிருக்கிறார்.

அந்தச் சைகை ரொம்பச் சரியான சைகை. மினியாபொலிஸுக்கும் செயின்ட் பாலுக்கும் நடுவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த திடலில், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தில் முடிகிற மாதிரி, பன்னிரண்டு நாள் நடக்கும். பேருக்கு விவசாயக் கண்காட்சி. மாடு, பன்றி, ஆடு, கோழி, பூசணிக்காய், தேன், போர்வை எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு, நீல ரிப்பன் உண்டு. ஆனால் 2019-இல் மட்டும் இருபத்தோரு லட்சம் பேருக்கு மேல் வந்து போனார்களே, அவர்களில் பாதிப் பேராவது பூசணிக்காய் பார்க்கவா வந்திருப்பார்கள்? வந்தது குச்சிக்கு. இங்கே எதையும் குச்சியில் செருகி விடுவார்கள். பன்றித் தொடைக்கறி, முதலைக்கறி, முட்டை, ஊறுகாய் வெள்ளரி, பழக் கேக், ஸ்பகெட்டி கூட.

"ஸ்பகெட்டின்னா அந்த நூடுல்ஸ் மாதிரி இருக்குமே, அதுவா? அத எப்பிடிக் குச்சில சொருகுவாக?" என்றாள் அம்மா. உருண்டையாக்கி மாவு பூசிப் பொரித்துவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். அம்மா மாப்பிள்ளை முன்னால் சிரிக்க மாட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, இலவச பஸ்ஸில் போனோம். ஃபேருக்குப் பழகியவர்கள் அப்படித்தான் போவார்கள். உள்ளே கார் நிறுத்த இடம் தேடுகிறவன் புதுசு என்று அர்த்தம். காலை ஒன்பது மணி. வெயில் ஏறவில்லை. வாசல் தாண்டியதுமே அந்த மணம் வந்துவிட்டது. காய்ந்த எண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் மாட்டுக்கொட்டகை, மூன்றும் கலந்த மணம். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "நம்ம பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்குள்ள நொழைஞ்ச மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு, "எண்ணெய் புதுசுதான்" என்றாள். ஒரு கடையைக் கூட இன்னும் பார்க்கவில்லை, மணத்தை வைத்தே சொல்லிவிட்டாள்.

முதலில் ப்ரான்டோ பப். இது எங்கள் வீட்டுச் சட்டம். 1947-லிருந்து இந்தத் திடலில் விற்கிற பண்டம். நீளமான சாஸேஜைக் குச்சியில் செருகி, மாவில் முக்கிப் பொரித்து, மேலே கடுகு மஞ்சளாக ஒரு கோடு இழுத்துக் கொடுப்பார்கள். கார்ன் டாக்தானே இது என்று யாராவது மினசோட்டாக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். கார்ன் டாக் மாவில் சோளமாவு தூக்கலாக இருக்கும், இனிப்பாக இருக்கும், மேல்தோல் கேக் மாதிரி தடிமனாக உப்பும். ப்ரான்டோ பப் மாவில் இனிப்பு கம்மி. ஓடு மெல்லிசு. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் டல்லஸில் ஆறு வருஷம் இருந்தவர். டெக்சஸ் ஃபேரில் 1942-லிருந்தே விற்கும் கார்ன் டாக்தான் அவருக்கு உசத்தி. வருஷா வருஷம் இந்தச் சண்டை நடக்கும். வருஷா வருஷம் அவரும் என்னோடு வரிசையில் நின்று ஒரு ப்ரான்டோ பப்பை முழுங்கிவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வார்.

அதற்குள் என்ன இறைச்சி என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "எனக்கு வேணாந்தாயி, நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி, கடையின் பக்கவாட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடித் தடுப்பு வழியாக அடுப்பு தெரிகிற இடம் அது. வேலை செய்த பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். குச்சியைப் பிடித்து மாவில் தலைகீழாக முக்கி, ஒரு சுழற்று சுழற்றி, தூக்கி, சொட்டு விழுவதற்குள் எண்ணெயில் இறக்குவான். ஒன்று இறக்கினால் அடுத்தது. முதலில் போட்டது சிவக்கும்போது கடைசியாகப் போட்டது இன்னும் வெள்ளையாக இருக்கும். அம்மா அவன் கையைப் பார்க்கவில்லை, எண்ணெயைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட கேட்டாள் என்று சொல்லலாம். தலையைச் சாய்த்து, காதை அந்தப் பக்கமாகக் கொடுத்து நின்றாள்.

"இந்தப் பய நல்லாச் சுடுறான்" என்றாள் நான் குச்சியோடு வந்ததும். "சலசலப்பு அடங்கவும்தான் எடுக்குறான். அவசரப்படல."

இது அம்மாவின் பாடம். தீபாவளிக் காலத்தில் எனக்கும் அக்காவுக்கும் இதைச் சொல்லித்தான் ஜல்லிக்கரண்டியைக் கையில் கொடுப்பாள். மாவு எண்ணெயில் விழுந்ததும் 'சொய்ங்' என்று இரைச்சல் வரும், சுற்றிலும் கொப்புளம் பொங்கும். மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிற சத்தம் அது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்வரை எண்ணெயால் உள்ளே புக முடியாது. தண்ணீர் தீரத் தீர கொப்புளம் சிறுக்கும், சத்தம் இறங்கும். அப்போது எடுக்கவேண்டும். அதற்கு முன் எடுத்தால் உள்ளே சவசவ, அதற்கப்புறம் விட்டால் கருகல். இந்த ஆவி விஷயமெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்குக் காது போதும்.

குச்சி என்றதும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். தியோடர் ரூஸ்வெல்ட் "மெதுவாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்திரு" என்று பேசியது இந்த மினசோட்டா ஃபேரில்தான், 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி. அப்போது துணை அதிபர். நாலே நாளில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டார், பதினாலாம் தேதி ரூஸ்வெல்ட் அதிபராகிவிட்டார். தடி வைத்திரு என்று அவர் சொன்ன ஊரில் இப்போது ஆளுக்கொரு குச்சியோடு அலைகிறோம். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் அம்மாச்சிக்குச் சொன்னாள். அம்மாச்சி, "அந்தாளு குச்சில என்ன வச்சுத் தின்னாரு?" என்று கேட்டாள்.

அடுத்தது வால்ஐ மீன். மினசோட்டாவின் மாநில மீனே இதுதான். ஏரி மீன். முள் நீக்கிய சதையை நீளவாக்கில் குச்சியில் கோத்து, மாவு புரட்டிப் பொரித்துத் தருவார்கள். "பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று கார் நம்பர் பலகையிலேயே போட்டிருப்பார்கள் அம்மா" என்றேன். "பத்தாயிரம் கம்மாயா! பத்தாயிரத்துலயும் தண்ணி இருக்கா?" என்றாள். விருதுநகர்க்காரி வேறென்ன கேட்பாள்.

இங்கேதான் முதல் சிக்கல். ஃபேரில் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. நாலு பேர் போனால் நாலு தனித்தனிப் பண்டம் வாங்கக் கூடாது. ஒன்று வாங்கி நாலு பேரும் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகரவேண்டும். அப்படியென்றால்தான் பத்து வகை பார்க்கமுடியும், வயிறும் தாங்கும், பர்ஸும் தாங்கும். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் பல வருஷமாக அப்படித்தான் பழகிவிட்டோம். மகள் கடித்த மீனை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா குச்சியைப் பார்த்தாள். மகளின் பல் தடத்தைப் பார்த்தாள். பேத்தி எச்சில் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, பால்குடி நாளிலிருந்து வழித்துத் தின்றவள்தான். ஆனால் அடுத்து அது மாப்பிள்ளை கைக்குப் போகும். அம்மா கடித்த குச்சியை மாப்பிள்ளை வாயில் வைப்பதா? எண்ணிப் பார்க்கவே அவளால் முடியவில்லை. என் வீட்டுக்காரரும், "பரவால்ல அத்தை, நீங்க கடிங்க" என்று உபசாரம் செய்து நிலைமையை இன்னும் மோசமாக்கினார்.

அம்மா கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. சின்னக் குழித்தட்டு, விளிம்பில் அப்பா பெயர் பொறித்தது. கூடவே ஒரு ஸ்பூன். பிறகு ஒரு காகிதப் பொட்டலம், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். தட்டில் குச்சியை நிறுத்தி, ஸ்பூனின் முதுகால் ஒரு தள்ளு. மீன் முழுசாக வழுக்கி விழுந்தது. நாலாகப் பிய்த்து, மாப்பிள்ளைக்குப் பெரிய துண்டாக ஒதுக்கி, தனக்கு வால் பக்கத்துத் துண்டை எடுத்துக்கொண்டாள். "குச்சியக் குடுத்துக் கடிச்சு எச்சிப்படுத்தச் சொல்றாக. தட்டுல வச்சாத் தின்னமாட்டோமாக்கும்?" என்றாள். அன்று முழுக்க அப்படியே நடந்தது. ஒவ்வொரு கடைக்கும் வெளியே, ஏதாவது ஒரு மர நிழலில், குச்சியில் ஏறிய பண்டமெல்லாம் குச்சியை விட்டு இறங்கி எவர்சில்வர் தட்டுக்கு வந்தது. பார்த்துக்கொண்டே போன ஒரு பெரியவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அம்மாவும் பதிலுக்குக் காட்டினாள். மீனைப் பற்றி அவள் கருத்து: "முள்ளில்லாத மீனு சொகுசுதான், ஆனா தின்ன மாதிரி இல்ல."

வீசி எறிய மனமில்லாமல் அந்தக் குச்சியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சீஸ் கர்ட்ஸ் என்று பலகையைப் படித்துக் காட்டினேன். "கர்டுன்னா தயிருதான? தயிர எப்பிடிப் பொரிப்பாக?" நியாயமான கேள்வி. பால் திரிந்து கட்டியாகும் கட்டத்தில், அழுத்தி வில்லையாக்குவதற்கு முன் எடுக்கிற சீஸ் துணுக்குகள் இவை. புதுசாக இருந்தால் பல்லில் கீச் கீச்சென்று சத்தம் போடும். கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். மாவில் புரட்டி, நல்ல காய்ச்சலான எண்ணெயில் ஒரு நிமிஷம் முன்னபின்ன. சீஸ் சில்லென்று இருக்கவேண்டும், எண்ணெய் கொதிக்கவேண்டும். ஓடு சிவப்பதற்கும் சீஸ் உருகி ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே ஓடுவதற்கும் நடுவில் சின்ன இடைவெளிதான். இதில் மட்டும் குச்சி கிடையாது. காகிதத் தொட்டியில் அள்ளித் தருவார்கள்.

மணி பன்னிரண்டரை. கூட்டம் நெரிந்தது. அம்மா கடைக்குப் பக்கவாட்டில் போய் நின்று, ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். "இப்ப வாங்காத. கூட்டத்தப் பாத்துப் பதறிப்போயி கூடை கூடையாக் கொட்டுறாக. எண்ணெய் செத்துப்போச்சு. சத்தமே இல்ல."

நான் இருபது நிமிஷம் வரிசையில் நின்றிருந்தேன். விட்டுவிட்டு வர மனசில்லை. வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், கூட்ட நேரத்தில் யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. குளிர்ந்த சீஸை மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கும்; சூடு இறங்கினால் ஓடு கட்ட நேரமாகும்; அதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும். தொட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நின்றது. பாதிக்கு மேல் வெறும் ஓடு, சீஸ் எங்கோ கரைந்து போயிருந்தது. மீதி பாதி நாக்கைச் சுட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எங்கம்மாவுக்கு ஈடு யாரும் கிடையாது.

சாயங்காலம் நாலரைக்கு, கூட்டம் இசைக் கச்சேரி பக்கம் நகர்ந்திருந்தபோது, வேறொரு கடையைத் தாண்டும்போது அம்மா சட்டென்று நின்றாள். "இங்க கேளு." எனக்கும் கேட்டது. மழை தகரத்தில் அடிப்பதுபோல் சீரான சத்தம். அங்கே வாங்கினது வேறு பண்டம். வெளியே மொறுமொறு, உள்ளே நூல் மாதிரி இழுக்கிற சீஸ், கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அம்மா நாலு தின்றாள். வெளியில் பொரித்ததை, கேட்டு வாங்கி, நாலு!

2020-இல் ஃபேர் ரத்தானபோது, காருக்குள் உட்கார்ந்தபடியே திடலைச் சுற்றி வந்து சாப்பாடு வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். நாங்களும் போனோம். அதே கடைகள், அதே பண்டங்கள். மூடிய பெட்டியில், மூடிய காரில், தன் ஆவியிலேயே ஓடு நமுத்துப் போனது. நின்றுகொண்டு காற்றில் தின்றாலொழிய இது இது இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊறுகாய் வெள்ளரியைப் பற்றி நீட்டி முழக்கவேண்டாம். புளிப்பும் உப்பும் ஊறிய வெள்ளரிக்காய், மாவு பூசிப் பொரித்தது. எனக்கு உயிர், வீட்டுக்காரருக்கு ஆகாது. அம்மாவுக்கு அதில் ருசியைவிடத் தொழில்நுணுக்கம்தான் பிடித்தது. "இம்புட்டு ஈரத்து மேல மாவு எப்பிடி ஒட்டுச்சு? நான் மாவடுவப் போட்டா சட்ட கழண்ட மாதிரி ஓடு தனியா வந்துரும்." முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்து, காய்ந்த மாவில் புரட்டி, பிறகு கரைசலில் முக்குவார்கள் என்று சொன்னேன். "அதான பாத்தேன்" என்றாள். ஊருக்குப் போனதும் மாவடு பஜ்ஜி முயற்சி நடக்கும் என்று நினைக்கிறேன்.

சோளம் பொரித்ததில்லை, சுட்டது. ஆனாலும் குச்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தோகையோடு சுட்டு, தோகையைப் பின்னால் மடக்கிப் பிடியாக்கி, உருக்கிய வெண்ணெயில் முழுசாக முக்கித் தருவார்கள். அதாவது கருதுக்கு அதன் தோகையே குச்சி. இப்போது அந்தக் காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் கலந்தது. கால் எலுமிச்சம்பழம் கூட இருந்தது, ஒரு சின்ன டப்பாவில். அம்மா எலுமிச்சையைத் தூளில் தொட்டு, வெண்ணெய் சொட்டும் கருதின் மேல் மேலிருந்து கீழாக ஒரு தேய். கையோடு எனக்கு ஒன்று, பேத்திக்கு காரமில்லாமல் ஒன்று. குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கருதைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்தாள். அம்மா பொட்டலத்தை நீட்டினாள். அவள் தயங்கி, விரல் நுனியில் தொட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை விரித்து, கருதையே நீட்டிவிட்டாள். அம்மா அதற்கும் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை இரண்டு பேரும்.

இனிப்பு வகையில், குச்சியில் செருகிய ஸ்னிக்கர்ஸ். சாக்லெட்டைக் கல்லாகக் குளிர வைத்து, மாவில் முக்கிப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவுவார்கள். முதல் வாய் சொர்க்கம். இரண்டாவது வாய் சுமார். மூன்றாவது வாயில் ஏண்டா வாங்கினோம் என்றிருக்கும். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வாய், சரியாகப் போயிற்று. "இதென்ன பிரமாதம், டெக்சஸ்ல வெண்ணெயவே பொரிப்பாங்க அத்தை" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பொய்யில்லை, 2009-இல் அந்த ஊர் ஃபேரில் பரிசு வாங்கின பண்டம். கடைந்த வெண்ணெயை உறையவைத்து, மாவுக்குள் பொதிந்து பொரிப்பது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் பரிசு வாங்கியது கோக் கலந்த மாவைப் பொரித்தது. அம்மா வெகுநேரம் யோசித்தாள். "வெண்ணெயக் காய்ச்சுனா நெய்யி. நெய்யில பொரிக்கலாம். வெண்ணெயவே எதுக்கு மாப்ள எண்ணெயில போடணும்?" மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. டெக்சஸ் பக்கம் இதுவரை விழுந்த அடிகளில் இதுதான் பெரிய அடி.

வெண்ணெய்ப் பேச்சு வந்ததால் பால்பண்ணைக் கட்டடத்துக்குள் போனோம். அங்கே ஒரு கண்ணாடி அறை, குளிர்பெட்டி மாதிரி சில்லென்று, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளிக் கோட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், எதிரில் சிற்பி அவள் தலையை வெண்ணெயில் செதுக்கிக்கொண்டிருப்பார். பால்பண்ணைக் குடும்பத்துப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இந்த மரியாதை, 1965-லிருந்து நடக்கிறது. ஒரே சிற்பி, லிண்டா கிறிஸ்டென்சன், 1972-இல் தொடங்கி 2021 வரை செதுக்கினார். ஒரு தலைக்கு 90 பவுண்டு வெண்ணெய். கிட்டத்தட்ட 41 கிலோ.

அம்மா கண்ணாடியில் மூக்கு பட நின்றாள். அழகாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "கிலோவுக்கு முக்காக் கிலோ நெய் நிக்கும். முப்பது கிலோ. ஒரு மண்டைக்கு முப்பது கிலோ நெய்யி!" என்றாள். எத்தனை மண்டை என்று எண்ணத் தொடங்கியவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். செதுக்கி முடித்ததை அந்தந்தப் பெண்ணே வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஊரைக் கூட்டிச் சோள விருந்து வைத்து அதில் தீர்த்துவிடுகிறவர்களும் உண்டு என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

மிச்சமெல்லாம் வேகமாக முடிந்தது. விதைகளை ஒட்டிச் செய்த படங்கள், ஆனைக்குட்டி சைஸில் ஒரு பன்றி, வாளி நிறைய குக்கீஸ். அந்தக் குக்கீஸ் 1979-லிருந்து விற்கிறார்கள், வாளியில் கோபுரமாகக் குவித்துத்தான் தருவார்கள். மூடி போடவேண்டும் என்றால் மேலே இருப்பதை முதலில் தின்றாகவேண்டும். பக்கத்தில் ஒரு சின்னத் தொகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பால் குடித்துக்கொள்ளலாம். மகள் நாலு டம்ளர் குடித்தாள். அம்மா டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்ததை, பால் ஊற்றின பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

விலைக் கணக்கும் நடக்காமல் இல்லை. குச்சி ஒன்று பன்னிரண்டு டாலர் என்றால் நம்மூர்க் காசில் ஆயிரம் ரூபாய் என்று அம்மா மனதுக்குள் பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மொத்தத்தைச் சொன்னாள். எனக்கே தலை சுற்றியது. அவள் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. "ஒரு அண்டா எண்ணெயும் அஞ்சு கிலோ கடலமாவும் இருந்தா நான் இந்த ஊர்ல வீடு வாங்கிருவேன்" என்றாள். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் வெண்ணெய் வாசம்.

வீட்டுக்கு வந்து அம்மா கைப்பையைக் கவிழ்த்தாள். எவர்சில்வர் தட்டு, ஸ்பூன், காலிப் பொட்டலம், பதினோரு குச்சிகள். ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, துணியில் பரப்பிக் காயவைத்தாள். எதற்கு என்று வீட்டுக்காரர் கண்ணால் கேட்டார். எனக்கும் தெரியாது என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உளுந்த வடைக்கு ஆட்டியிருந்தாள். வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஊரில் என்றால் ஒரு சொட்டு மாவைக் கிள்ளிப்போட்டுப் பார்ப்பாள். அன்றைக்குக் குச்சிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, முனையை எண்ணெயில் இறக்கி அப்படியே பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மகள் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். பிறகு குச்சியைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கட்டியது.

"கேக்குதா தங்கம்?" என்றாள் அம்மா.

மகள் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். "கேக்குது அம்மாச்சி."

"அப்பப் போடு."